பார்த்ததை எழுத வைத்தல்: நெல்லைப் பக்கப் பள்ளிகளுக்கு ஓர் உற்றுநோக்கல் வழிகாட்டி

6, 7, 8-ஆம் வகுப்புகளுக்கு அறிவியல் எடுக்கப் புதிதாக வந்திருப்பவர்களுக்கும், மாலை நேர மையம் நடத்தும் தன்னார்வலர்களுக்கும், பசுமைப் படைப் பொறுப்பு கைக்கு வந்துவிட்ட ஆசிரியர்களுக்கும் இது. பாடநூலில் ‘உற்றுநோக்குக’ என்று ஒரு சொல் இருக்கும். எதை, எவ்வளவு நேரம், எப்படி எழுதுவது என்பது அதற்குக் கீழே இருக்காது. பிள்ளைகள் வெளியே போய் வருவார்கள். ‘மரம் பச்சையாக உள்ளது, பறவைகள் அழகாக உள்ளன’ என்று நாலு வரி எழுதுவார்கள். சிவப்பு மையில் ‘நன்று’ விழும். அந்த நாலு வரியை வகுப்பை விட்டு நகராமலே எழுதியிருக்கலாம்.

நாம் பழக்கப்போவது வேறு. கண்ணும் காதும் அளவுகோலும் தந்ததை மனசு சேர்த்ததிலிருந்து பிரித்து, இன்னொருவர் வந்து சரிபார்க்கும்படி எழுதிவைக்க வேண்டும்.

1. செலவும் கையெழுத்தும்

முப்பது பிள்ளைகள், ஐந்து பேர் கொண்ட ஆறு குழு என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு ஒரு 40 பக்க நோட்டு ஏறத்தாழ 600 ரூபாய். தையற்காரர் டேப் ஆறு, 120 ரூபாய். மூன்று மீட்டர் இரும்பு டேப் ஒன்று, 100 ரூபாய். ஆழமான பிளாஸ்டிக் புனல் இரண்டு, ஊசி இல்லாத 10 மி.லி. சிரிஞ்சு இரண்டு, எல்லாம் சேர்த்து 90 ரூபாய். கடைக்குக் கடை விலை மாறும். ஆனாலும் ஆயிரத்துக்குள் முடிந்துவிடும். உருப்பெருக்கி, நுண்ணோக்கி, இருநோக்கி எதுவும் முதல் வருடத்துக்கு வேண்டாம். வாங்கினால் பிள்ளைகளின் கவனம் கருவிமேல் போகும், பொருள்மேல் போகாது.

தையற்காரர் டேப் இழுக்க இழுக்க நீளும். வாங்கிய அன்றே இரும்பு டேப்போடு ஒட்டிப் பிடித்துப் பாருங்கள். 100 செ.மீ.-க்கு அரை செ.மீ. வித்தியாசம் இருந்தால் அந்த டேப்பைத் தள்ளிவையுங்கள்.

பள்ளி வளாகத்துக்குள் செய்வதென்றாலும் தலைமையாசிரியரிடம் ஒரு பக்கக் கடிதம் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். மைதானத்தில் கம்பி நடவும், விடுமுறை நாளில் மழைமானி பார்க்க ஒரு பிள்ளை உள்ளே வரவும் அந்தக் கடிதம் வேண்டும். வெளியே கூட்டிப்போவதென்றால் பெற்றோர் ஒப்புதல் கட்டாயம். படிவத்தில் இடம், புறப்படும் நேரம், திரும்பும் நேரம், வாகனம், உடன்வரும் ஆசிரியர், பிள்ளைக்கு மூச்சிரைப்போ ஒவ்வாமையோ உண்டா, வீட்டுத் தொலைபேசி எண் இவ்வளவும் இருக்கட்டும். படிவத்தை வெள்ளிக்கிழமை கொடுத்துத் திங்கட்கிழமை வாங்குங்கள். அப்பா வெளியூரில் வேலையில் இருக்கும் வீடுகள் நிறைய. அம்மாவோ, பிள்ளையை வளர்க்கும் ஆச்சியோ போட்ட கையெழுத்தை ஏற்பதா என்று தலைமையாசிரியரிடம் முன்பே பேசி வையுங்கள். கடைசி நாளில் இதனால் பிள்ளைகள் நின்றுபோவது பெரிய வருத்தம். மேலிடத்து அனுமதி வேண்டுமா என்பதையும் தலைமையாசிரியர் வழியாகவே மூன்று வாரம் முன்னால் கேட்டுவிடுங்கள். களக்காடு முண்டந்துறைப் பக்கம் காட்டுக்குள் போக நினைத்தால் வனத்துறை அனுமதி தனி. முதல் வருடத்தில் அங்கே போக வேண்டிய அவசியமே இல்லை.

2. முதல் வகுப்பு: வேப்பிலையைப் பார்க்காமல் வரையட்டும்

ஒரே பாடவேளை போதும். முதல் எட்டு நிமிடம் யார் கையிலும் இலை இருக்கக்கூடாது. ‘ஒரு வேப்ப ஈர்க்கும் அதிலுள்ள இலைகளும்’ என்று நினைவிலிருந்து வரையச் சொல்லுங்கள். எல்லோரும் வரைவார்கள். தினமும் பார்க்கிற மரம்தானே!

பிறகு குழுவுக்கு இரண்டு ஈர்க்கு கொடுத்து, பக்கத்திலேயே இன்னொரு படம் வரையச் சொல்லுங்கள். இதற்கு இருபது நிமிடம். முதல் படத்தில் இலை நடு நரம்புக்கு இருபுறமும் ஒரே மாதிரி இருக்கும். கையில் உள்ள இலை அப்படி இராது. அடிப்பகுதியில் ஒரு பக்கம் அகலம், மறுபக்கம் ஒடுக்கம், மொத்தத்தில் அரிவாள்போல் ஒரு வளைவு. ஓரத்தில் ரம்பப் பல். ஈர்க்கின் நுனியில் ஒற்றை இலை சிலவற்றில் இருக்கும், சிலவற்றில் இருக்காது. இதில் எதையும் நீங்கள் வாய்திறந்து சொல்லக்கூடாது. ‘இரண்டு படத்துக்கும் என்ன வித்தியாசம், எண்ணி எழுதுங்க’ என்பதோடு நிறுத்துங்கள். ஆசிரியர் முன்கூட்டிச் சொல்லிவிட்டால் பிள்ளைகள் இலையைப் பார்க்க மாட்டார்கள், உங்கள் வாயைப் பார்ப்பார்கள்.

வேம்புதான் பாதுகாப்பு. எருக்கு வேண்டாம், அதன் பால் கண்ணில் பட்டால் கண்ணே கெடும். அரளியும் வேண்டாம், அது நஞ்சு.

3. கண்டது ஒரு பக்கம், கருதியது ஒரு பக்கம்

நோட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். இடது பக்கம் ‘கண்டது’, வலது பக்கம் ‘கருதியது’. மேலே தேதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், இடம், வானம் எப்படி, எதை வைத்து அளந்தது, யார் எழுதியது. இந்தத் தலைப்பகுதி இல்லாத பக்கத்தைத் திருத்தாதீர்கள், திருப்பிக் கொடுங்கள்.

எந்தச் சொல் எந்தப் பக்கம் என்பதில்தான் முதல் மாதம் முழுக்கப் போகும். ‘மடையான் பசில நிக்கி சார்’ என்று குளக்கரைக் கொக்கைக் காட்டிச் சொல்வான் ஒருவன். திட்ட வேண்டாம். ‘எத வச்சுச் சொல்லுதே?’ என்று மட்டும் கேளுங்கள். ‘தண்ணியையே பாத்துக்கிட்டு நிக்கி, அசையவே இல்ல.’ இப்போது இடது பக்கத்துக்கு வரி வந்துவிட்டது: மடையான் ஒன்று, தண்ணீர் ஓரம், அலகு தண்ணீரை நோக்கி, நான்கு நிமிடம் அசையவில்லை. ‘பசி’ வலது பக்கம் போகட்டும். அதை அழிக்கச் சொல்லாதீர்கள். கருத்து தவறில்லை, இடம் மாறி உட்கார்ந்ததுதான் தவறு. நாளைக்குச் சோதனை செய்து பார்க்க வேண்டிய கேள்விகள் எல்லாம் வலது பக்கத்திலிருந்துதான் வரும்.

‘எறும்பு சாப்பாடு தேடிப் போகுது’ என்பது இப்படி மாறும்: எறும்பு 7, சுவர் விரிசலிலிருந்து படியை நோக்கி, வரிசையாக, இரண்டின் வாயில் வெள்ளைத் துகள். ‘தண்ணி அழுக்கு’ என்பது: தம்ளரில் பத்து நிமிடம் வைத்தபின் அடியில் பழுப்பு மண், விரல் தடிமனில் பாதி.

நிறைய, கொஞ்சம், பெரிய, அழகான, சீக்கிரம் ஆகிய ஐந்து சொற்களுக்கும் இடது பக்கத்தில் தடை. எண் போடலாம், அல்லது ஒப்பிட்டுச் சொல்லலாம்: ‘காகத்தைவிடச் சிறியது’, ‘மூணு எண்ணுறதுக்குள்ள முங்கிட்டு’. உயர்தமிழில் எழுத வேண்டும் என்று வற்புறுத்த வேண்டாம். பார்த்தது வீட்டுப் பேச்சில் துல்லியமாக வருகிறதென்றால் அப்படியே எழுதட்டும்.

4. கடலையைக் கண்டுபிடி

எழுதியது பயன்படுமா என்று பார்க்கத் தோலோடு நிலக்கடலை போதும். ஆளுக்கு ஒன்று. பத்து நிமிடத்தில் தன் கடலையைச் சொற்களால் மட்டும் எழுத வேண்டும், படம் கூடாது. பிறகு குழுவின் ஐந்து கடலைகளோடு ஆளில்லாத ஐந்தையும் கலந்து, நோட்டை அடுத்த குழுவிடம் மாற்றிக் கொடுங்கள். குறிப்பைப் படித்து அந்தக் கடலையை எடுக்க வேண்டும்.

‘மஞ்சளா நீளமா இருக்கு’ என்று எழுதியவனின் கடலை கிடைக்காது. ‘நீளம் 3.4 செ.மீ., இரண்டு பருப்பு, இடுப்பு ஒடுங்கியது, காம்புப் பக்கம் கறுப்புப் புள்ளி, மூக்கு வலப்புறம் வளைந்தது’ என்று எழுதியவளுடையது உடனே கிடைக்கும். சிலர் நகத்தால் அடையாளம் கீறிவைப்பார்கள், அதையும் முன்பே தடைசெய்யுங்கள். மூன்று வாரம் கழித்து இதே விளையாட்டை மறுபடி வையுங்கள், முன்னேற்றம் எண்ணாகவே தெரியும்.

5. நிழல்கோல்

மைதானத்தில் ஒரு கம்பி நட்டு, அதன் நடுப்பகல் நிழலை வருடத்தில் சில முறை அளப்பது இது. வருடத்தில் ஒன்றே ஒன்றுதான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். திருநெல்வேலி கிட்டத்தட்ட 8.7 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. அதனால் இங்கே நடுப்பகல் நிழல் பிள்ளைகள் எதிர்பார்க்காத பக்கமெல்லாம் போகும்.

கட்டட வேலை நடக்கும் இடத்தில் 1.4 மீட்டர் கம்பி ஒன்று கேட்டு வாங்குங்கள். 8 மி.மீ. தடிமன், வளைவில்லாதது. 40 செ.மீ. மண்ணுக்குள் போகட்டும். குனிந்து அளக்கும் பிள்ளையின் கண்ணில் குத்தாமலிருக்க நுனியில் ஒரு ரப்பர்த் துண்டைச் செருகுங்கள். செருகிய பிறகு தரையிலிருந்து ரப்பரின் உச்சி வரை சரியாக 100 செ.மீ. இருக்க வேண்டும். மூங்கில் வேண்டாம், ஆனி ஆடிக் காற்றில் நுனி ஆடிக்கொண்டே இருக்கும். வாளி மணலில் நடவும் வேண்டாம். கம்பியின் அடி தரைமட்டத்தில் இராது, வாளி விளிம்பின் நிழலும் குறுக்கே விழும்.

கொத்தனாரின் தூக்குக் குண்டை இரண்டு பக்கமிருந்து பிடித்துப் பார்த்துக் கம்பியை நேராக்குங்கள். ஒரு பாகை சாய்ந்தாலே நுனி 1.7 செ.மீ. தள்ளிப்போகும். தரைக்கு ரசமட்டம் வையுங்கள். இல்லையென்றால் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள்.

எதிர்பார்க்க வேண்டிய அளவுகள் உங்களுக்கு மட்டும், பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள். ஜூன் 21-ஐ ஒட்டி நடுப்பகல் நிழல் ஏறத்தாழ 26 செ.மீ., அதுவும் தெற்கே. செப்டம்பர் 23-ஐ ஒட்டி 15 செ.மீ., வடக்கே. டிசம்பர் 21-ஐ ஒட்டி 63 செ.மீ., வடக்கே. ஏப்ரல் 12-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 30, 31-ஐ ஒட்டியும் நடுப்பகலில் கம்பிக்கு நிழலே இராது. ஏப்ரல் நாள் தேர்வோடு மோதும், ஆகையால் ஆகஸ்ட் கடைசியைக் குறித்துக்கொள்ளுங்கள். அன்று மேகம் மூடினால் மறுநாள் பாருங்கள், ஒரு நாளுக்கு முக்கால் செ.மீ.-கூட மாறாது. டிசம்பர் அளவு அரையாண்டுத் தேர்வு வாரத்தில் வரும். ஒரு வாரம் முன்பின் எடுத்தாலும் அரை செ.மீ.-க்குள்தான் வித்தியாசம்.

இதில் மூன்று இடங்களில் சறுக்கும்.

நடுப்பகல் 12 மணி என்று எல்லோரும் நினைப்பது முதலாவது. நம் கடிகாரம் 82.5 பாகைத் தீர்க்கக் கோட்டுக்கு. நாம் இருப்பது 77.7-இல். அதனால் இங்கே சூரியன் உச்சிக்கு வர ஜூனிலும் ஆகஸ்ட் கடைசியிலும் 12.20 ஆகும். நவம்பர் தொடக்கத்தில் 12.03, பிப்ரவரி நடுவில் 12.33. பன்னிரண்டு மணிக்கு அளந்துவிட்டு ‘நிழலில்லா நாள் பொய்’ என்று வகுப்பு கலைந்துவிடக் கூடாது.

இரண்டாவது, மிகக் குறுகிய நிழலைத் தேடுவது. நடுப்பகலை ஒட்டிய பத்து நிமிடத்துக்கு ஜூன் நிழலின் நீளம் அரை செ.மீ.-கூட மாறாது, எந்த நிமிடம் உச்சி என்று சொல்ல முடியாது. அதற்குக் கம்பியைச் சுற்றி 60 செ.மீ. ஆரத்தில் கயிறு கட்டி ஒரு வட்டம் போடுங்கள். ஜூனில் நிழலின் நுனி காலை 10.30 வாக்கில் வட்டத்தைத் தொட்டு உள்ளே வரும். பிற்பகல் 2.15 வாக்கில் தொட்டு வெளியே போகும். இரண்டு நேரத்துக்கும் நடு நேரம் உச்சிவேளை. இரண்டு புள்ளியையும் சேர்த்தால் கிழக்கு மேற்குக் கோடு. திசைகாட்டியே வேண்டாம். டிசம்பரில் இந்த வட்டம் பயன்படாது, நிழல் 63-க்குக் கீழே இறங்காது. ஆரத்தை 90 ஆக்கிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, மில்லிமீட்டர் ஆசை. சூரியன் புள்ளியல்ல, அரைப் பாகை அகலமுள்ள வட்டு. ஆகவே ஒரு மீட்டர் கம்பியின் நிழல் நுனியில் ஏறத்தாழ ஒரு செ.மீ. மங்கலாகவே இருக்கும். 26.3 என்று எழுதுகிற பிள்ளை அந்த .3-ஐப் பார்த்திருக்கவில்லை. அரை செ.மீ. வரை எழுதினால் போதும் என்று விதி வையுங்கள், காரணத்தையும் நிழலிலேயே காட்டுங்கள். சூரியனை நேராகப் பார்க்கக்கூடாது என்பதை ஒவ்வொரு முறையும் சொல்லுங்கள்.

6. ஐந்து பேர் அளந்தால் ஐந்து விடை

குழுவில் ஒவ்வொருவரும் நிழலைத் தனியாக அளந்து, மற்றவருக்குக் காட்டாமல் எழுத வேண்டும். பிறகு ஐந்தையும் கரும்பலகையில் போடுங்கள். 63, 62.5, 64, 63, 57 என்று வந்தது என்று வையுங்கள். பிள்ளைகள் உடனே 57 எழுதியவனைப் பார்ப்பார்கள். அவனைக் காப்பாற்றுவது உங்கள் வேலை. ‘57 எப்படி வந்தது?’ என்று டேப்பைக் கையில் கொடுத்து மறுபடி அளக்கச் சொல்லுங்கள். டேப்பின் நுனித் தகடு மடங்கியிருக்கலாம், கம்பியின் அடியிலிருந்து தொடங்காமல் இருந்திருக்கலாம். அளவுகோலில் சுழி (0) விளிம்பில் இல்லாமல் சற்று உள்ளே இருப்பது இன்னொரு வழக்கமான காரணம். காரணம் கிடைத்தால் அதைப் பக்கத்தில் எழுதி 57-ஐ ஒரே கோட்டால் அடிக்கட்டும், அடியில் உள்ள எண் தெரிய வேண்டும். காரணம் கிடைக்கவில்லையென்றால் 57 அப்படியே இருக்கட்டும்.

எண்களைப் பேனாவால்தான் எழுத வேண்டும், படத்துக்கு மட்டும் பென்சில். பென்சிலால் எழுதினால் ஐந்து நிமிடத்தில் ஐந்து எண்ணும் 63 ஆகிவிடும்.

இதே காரணத்தால் ‘நல்ல நோட்டு’ எழுதவே விடாதீர்கள். வெயிலில் எழுதிய கசங்கிய பக்கம்தான் பதிவு. வீட்டில் போய் அழகாகப் படியெடுக்கும்போது பொருந்தாத எண்கள் காணாமல் போகும், கோடுகள் நேராகும், நேரங்கள் முழு மணியாகும். பள்ளி ஆய்வுக்கு அதிகாரி வரும்போது அழுக்கு நோட்டைக் காட்டத் தயக்கமாக இருக்கும், தெரியும். முதல் பக்கத்தில் ‘இது களப் பதிவு, படியெடுக்கப்படவில்லை’ என்று எழுதி ஒட்டிவிடுங்கள்.

7. மழைமானி: அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் வரை

வடகிழக்குப் பருவமழைக்கு முன், அக்டோபர் முதல் வாரமே வைத்துவிடுங்கள். உள்விளிம்பு 10 செ.மீ. குறுக்களவுள்ள புனலை 2 லிட்டர் பாட்டிலின் வாயில் இறுக்கிச் செருகுங்கள். சேர்ந்த தண்ணீரைச் சிரிஞ்சால் அளங்கள்: 7.85 மி.லி.-க்கு ஒரு மி.மீ. மழை. பாட்டிலில் கோடு போட்டு அளக்க முயல வேண்டாம், அடி தட்டையாக இராது, கணக்கு தப்பும். மரமோ கட்டடமோ எவ்வளவு உயரமோ அதைப்போல் இரண்டு மடங்கு தள்ளி வைக்க வேண்டும்.

காலை 8.30 மணிக்குப் பாருங்கள், வானிலைத் துறையும் அந்த நேரம்தான் எடுக்கிறது. பள்ளிக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இருவருக்கு முறை வைத்தால் ஞாயிற்றுக்கிழமையும் விடுபடாது.

மழை இல்லாத நாளில் ‘0’ எழுத வேண்டும். பார்க்கத் தவறிய நாளில் ‘பார்க்கவில்லை’ என்று எழுத வேண்டும். கட்டத்தைக் காலியாக விட்டால் இரண்டில் எது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. 2023 டிசம்பர் 17, 18-இல் பெய்தது போலப் பெய்து பாட்டில் வழிந்துவிட்டால் ‘வழிந்தது, 250-க்கு மேல்’ என்று எழுதுங்கள். ஊகித்த எண் வேண்டாம். பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம், நாங்குநேரி அளவுகள் செய்தித்தாளில் வரும்போது பிள்ளைகள் தங்கள் எண்ணை அதற்கேற்ப மாற்றப் பார்ப்பார்கள், கவனம். நாலு கிலோமீட்டருக்குள் மழை வேறுபடும். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கட்டும்.

8. குளக்கரை: ஜனவரி

முதலில் வகுப்பிலேயே எண்ணப் பழக்குங்கள். தட்டில் துவரம்பருப்பு நூறு வாக்கில் பரப்பி, ஐந்து விநாடி காட்டி மூடுங்கள். எத்தனை என்று எழுதிவிட்டுப் பிறகு எண்ணிப் பார்க்கட்டும். அடுத்த முறை, பத்து பருப்பு எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணால் எடுத்துக்கொண்டு, அப்படி எத்தனை பத்து என்று எண்ணச் சொல்லுங்கள். பறவைக் கூட்டத்தையும் இப்படித்தான் எண்ண வேண்டும்.

ஊர்க் குளமே போதும், காலை 6.30 முதல் 8.30 வரை. கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம் ராம்சர் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்த இடம். குளிர்காலத்தில் வரித்தலை வாத்து வரும், தெரு மரங்களிலேயே நாரைகள் கூடு கட்டும். ஆனால் முதல் பயணத்துக்கு அங்கே போனால் பிள்ளைகள் வேடிக்கை பார்த்துவிட்டுத்தான் வருவார்கள். ஊர்க் குளத்தில் மூன்று முறை எண்ணியபின் கூட்டிப்போங்கள்.

வெள்ளையாய் இருப்பதெல்லாம் ‘கொக்கு’ என்று ஒரே வரியில் போய்விடும். அலகு என்ன நிறம், கால் என்ன நிறம், விரல் என்ன நிறம் என்று மூன்று கட்டம் போடுங்கள். கறுப்பு அலகு, கறுப்புக் கால், மஞ்சள் விரல் என்றால் சின்னக் கொக்கு. மஞ்சள் அலகோடு மாட்டுக்குப் பக்கத்தில் திரிந்தால் உண்ணிக்கொக்கு. மடையான் உட்கார்ந்திருக்கும்போது மண்நிறம், பறக்கும்போது சிறகு வெள்ளை. பிள்ளைகள் இதை இரண்டு பறவையாக எழுதுவார்கள். திருத்தாமல், ‘உட்கார்ந்தது எழும்பும் வரை கண்ணை எடுக்காதே’ என்று சொல்லி அடுத்த வாரம் விடுங்கள், அவர்களே சேர்த்துவிடுவார்கள். பெயர் தெரியாத பறவைக்குப் பெயர் எழுத வேண்டாம். ‘தெரியாதது 1’ என்று போட்டு வருணனை எழுதட்டும்.

செல்போன் படம் எழுதி முடித்த பிறகு மட்டும். முதலில் எடுத்தால் ‘படத்தில் பாத்துக்கலாம்’ என்று யாரும் பறவையைப் பார்க்க மாட்டார்கள். தண்ணீரிலிருந்து பத்தடி தள்ளி ஒரு கயிறு கட்டுங்கள், அதைத் தாண்டி யாரும் போகக்கூடாது. பத்துப் பிள்ளைக்கு ஒரு பெரியவர் வேண்டும். கூடு இருக்கும் மரத்தடியில் கூட்டமாக நிற்கக்கூடாது.

கை பழகிவிட்டால், சூழலியல் ஆய்வு செய்யும் ஏட்ரீ (ATREE) அமைப்பின் மணிமுத்தாறு மையம் 2011 முதல் ஜனவரியில் நடத்திவரும் தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில் ஆசிரியராக நீங்கள் சேர்ந்து பாருங்கள். எண்ணும் முறையைப் பழகியவர்களோடு ஒரு காலைப்பொழுது நிற்பது பெரிய பயிற்சி.

9. மதிப்பெண், நோட்டு, கம்பி

பத்து மதிப்பெண் என்றால் தேதி, நேரம், இடத்துக்கு 2. அலகோடு எழுதிய எண்ணுக்கு 2. கண்டதும் கருதியதும் பிரிந்திருப்பதற்கு 3. அடித்தது தெரியும்படி அடித்திருப்பதற்கு 1. குறிப்பைப் படித்து இன்னொரு குழு அதே பொருளை, அதே அளவைத் திரும்ப எடுக்க முடிந்தால் 2. ‘சரியான விடை’க்கு மதிப்பெண் எதுவும் இல்லை. வைத்தீர்களென்றால் அடுத்த வாரமே எல்லா நோட்டிலும் ஒரே விடை இருக்கும்.

வருடக் கடைசியில் நோட்டுகளைப் பிள்ளைகளிடம் திருப்பிக் கொடுப்பதற்கு முன், நிழல், மழை, பறவைப் பக்கங்களை ஒளிநகல் எடுத்து ஒரு கோப்பில் போடுங்கள். கம்பியைப் பிடுங்கினால் அது நின்ற இடத்தில் சிமெண்ட் வைத்து ஒரு புள்ளியும், புனல் நின்ற இடத்தில் பெயின்ட் குறியும் விடுங்கள். எந்தப் புனல், எந்த டேப் என்று கோப்பின் முதல் தாளில் எழுதிவையுங்கள். அடுத்த ஜூனில் வரும் ஆறாம் வகுப்பு அதே புள்ளியில் கம்பியை நட்டு, அண்ணன்மாரும் அக்காமாரும் எழுதிய அளவோடு தங்கள் அளவை வைத்துப் பார்க்கலாம்.